தரிசு என்று எழுதிய நிலத்தில் முயல் படுத்திருக்கிறது

பள்ளிக்கூடத்தில் முயல் வரையச் சொன்னால் ஆய்க்குடிப் பிள்ளையும் வெள்ளை முயலைத்தான் வரையும். சிவப்புக் கண், கையில் ஒரு கேரட். அது ஐரோப்பாவிலிருந்து கூண்டில் வந்த வளர்ப்பு முயல். அந்தப் பிள்ளையின் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் வரும் பொத்தை என்னும் சிறு பாறைக்குன்றின் அடியில், உடைமரத்து நிழலில், இன்னொரு முயல் காதை முதுகோடு ஒட்டவைத்துப் படுத்திருக்கும். மண்ணும் காய்ந்த புல்லும் கலந்த நிறம்; பிடரியில் மட்டும் மை தடவியது போல ஒரு கருப்புத் திட்டு. நம்மூர் முயல் அதுதான். அதைப் பார்த்து வரையும் பிள்ளைகள் குறைவு. பார்க்கக் கூட்டிப் போகும் பெரியவர்கள் அதைவிடக் குறைவு.

பேச்சில் எல்லாவற்றையும் முயல் என்றே சொல்லிவிடுவதால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நமக்கு மறந்துபோயிற்று. கூண்டில் வளர்வது குழிமுயலின் வழி வந்தது. குழிமுயல் மண்ணைத் தோண்டி வளைக்குள் குட்டி போடும். குட்டி உரோமம் இல்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். நம் காட்டு முயல் வளை தோண்டுவதே இல்லை. புல் தூரின் அடியில் உடம்பு பதியும் அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான் அதன் வீடு. குட்டி பிறக்கும்போதே உரோமம் இருக்கும், கண்ணும் திறந்திருக்கும். 1823இல் ஃபிரெடரிக் குவியே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் இதற்கு லெபஸ் நைக்ரிகோலிஸ் என்று அறிவியல் பெயர் வைத்தார். கருங்கழுத்து முயல் என்று பொருள். வட இந்தியாவில் இதே இனத்துக்குப் பிடரி கருப்பாக இராது. தெற்கத்தி முயலுக்கு அந்தத் திட்டுதான் அடையாளம்.

தென்காசியிலிருந்து சுரண்டை போகும் வழியில் இருக்கிறது ஆய்க்குடிப் பேரூராட்சி. அனுமன் நதிக்கரையில் பாலசுப்பிரமணிய சுவாமி கோயில், கோயிலைச் சுற்றி நஞ்சை, நஞ்சைக்கு அப்பால் புஞ்சை, புஞ்சை முடிகிற இடத்தில் உடைமரமும் சிறு பொத்தைகளும். கடையேழு வள்ளல்களில் ஒருவனான ஆய் அண்டிரனின் ஊர் என்பது இந்த ஊரின் பெருமை. வந்தவர்க்கெல்லாம் யானை கொடுத்தவன் என்று புறநானூற்றுப் புலவர்கள் அவனைப் பாடியிருக்கிறார்கள். யானைகள் இன்று மேற்கே மலையில். ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் மிஞ்சியிருக்கும் காட்டு உயிர்களில் முயல் ஒன்று. அதனால்தான் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

முயலைப் படம் எடுக்க ஆசைப்படுபவர் முதலில் முயலைத் தேடக்கூடாது. புழுக்கையைத் தேட வேண்டும். ஆட்டுப் புழுக்கை நீளவாக்கில், கரும்பழுப்பில், பளபளப்போடு கிடக்கும். முயலின் புழுக்கை உருண்டை, கொஞ்சம் தட்டையாக அமுங்கியிருக்கும். காய்ந்ததை உள்ளங்கையில் வைத்து நசுக்கினால் பொடித்த வைக்கோல் மாதிரி நார் நாராக உதிரும். பக்கத்தில் புல்லின் நுனி கத்தரிக்கோலால் சாய்வாக நறுக்கியது போல இருந்தால் இடம் சரி. ஆடு மாடு மேய்ந்த புல் பிய்ந்து கிடக்கும், இப்படி இராது. ஈர மண்ணில் கால்தடமும் பேசும். முன்கால் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் விழ, நீண்ட பின்கால்கள் அவற்றைத் தாண்டி முன்னே அக்கம்பக்கமாகப் பதியும். தெரியாதவர் தடத்தைப் பார்த்து முயல் எதிர்த்திசையில் போனது என்று நினைத்துக்கொள்வார்.

ஸ்காட்லாந்திலும் ஸ்காண்டிநேவியாவிலும் உள்ள மலைமுயல் கோடையில் பழுப்பாகவும் பனிக்காலத்தில் வெள்ளையாகவும் நிறம் மாறும். பனி குறைகிற ஆண்டுகளில் வெறும் பழுப்பு மண்ணில் வெள்ளை முயல் பளிச்சென்று தெரிவது அங்கே ஆய்வாளர்களின் கவலை. ஆய்க்குடி முயலுக்கு ஆண்டு முழுவதும் ஒரே சட்டை. நிறம் மாறுவது அது படுத்திருக்கும் நிலம்தான். இங்கே பருவம் பார்த்து முயலைப் படம் எடுப்பவர் உண்மையில் இந்த நிலத்தின் ஓராண்டையே படம் எடுக்கிறார்.

சித்திரை, வைகாசியில் பொத்தையடி முழுக்க முயலின் நிறம். பத்தடி தள்ளி முயல் படுத்திருந்தாலும் கண் அதைத் தாண்டிப் போய்விடும். அதுவும் அசையாது. கால் கிட்டத்தட்ட மேலே படும்வரை மூச்சடக்கிக் கிடந்துவிட்டுச் சட்டென்று எழுந்து வளைந்து வளைந்து ஓடும். அந்த ஓட்டத்தைப் படம் எடுத்ததாகச் சொல்பவர்களிடம் பெரும்பாலும் ஒரு வால்தான் இருக்கும். மேலே கருப்பு, கீழே வெள்ளை.

ஆனி பிறந்து செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று இறங்கினால் கதை வேறு. குற்றாலத்தில் சீசன் என்றால் ஆய்க்குடியிலும் சாரல். நாலைந்து நாளில் தரிசு பச்சை பிடிக்கும். இளம்புல் முளைத்ததும் முயல் வெளியே நிற்கும் நேரமும் கூடுகிறது. ஆடி, ஆவணியில் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும். கேரளத்திலிருந்து வண்டி வண்டியாக வந்து பூவோடு நின்று படம் எடுத்துப் போவார்கள். அவர்கள் கிளம்பிப் போன பிறகு, பொழுது சாயும் அரைமணி நேரத்தில், அதே மாதிரி வரப்புகளில் பார்க்க வேண்டும். முதலில் இரண்டு காது. வெகுநேரம் வெறும் காதுதான். பிறகு ஒரு தாவல், நிறுத்தம், மூக்குத் துடிப்பு. எதிர்வெயில் காதுக்குள் பாய்ந்து நரம்பெல்லாம் சிவப்பாகத் தெரியும். சீசனில் தென்காசிப் பக்கம் எடுக்கக்கூடிய படங்களில் அருவிப் படத்தைவிட இது மேல். அருவியை எல்லாரும் எடுத்துவிட்டார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் புல் முழங்கால் உயரம். முயல் இருக்கும், தெரியாது. மார்கழிப் பனியில் புல்மேல் அது போன பாதை மட்டும் கோடாகக் கிடக்கும். பிசான நெல் அறுத்து முடித்த மாசியில் தாள் நிற்கும் வயலோரம் மறுபடி கண்ணில் படும்.

இதற்குப் பெரிய கருவி வேண்டாம். 300 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். முயலின் கண்மட்டத்துக்குக் குனிந்து தரையோடு உட்காரும் பொறுமை வேண்டும். திருநெல்வேலியில் 1912இல் பிறந்த மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் மாதவையாவின் மகன், பல கருவிகளின் உதிரிபாகங்களைச் சேர்த்துத் தானே ஒட்டுப்போட்ட கேமராவில்தான் கருப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார். 1950 முதல் 1996இல் இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் அவர் எழுதிய பத்தியில் யானைக்கு இருந்த மரியாதை வீட்டுக்கொல்லை அணிலுக்கும் காக்கைக்கும் இருந்தது. நெல்லைச் சீமை தந்த அந்தக் கண்ணைத் தென்காசியில் கேமரா வாங்கும் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். இரவில் டார்ச் அடித்து முயலைப் படம் எடுக்கக்கூடாது. கண்ணில் பலத்த வெளிச்சம் பட்டால் முயல் திகைத்து நின்றுவிடும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நாயோடும் வலையோடும் கண்ணியோடும் போகிறவர்கள் நம்பியிருப்பது அந்தத் திகைப்பைத்தான். அதே வெளிச்சத்தைப் படத்துக்காக அடிப்பவர் முயலின் கண்ணில் வேட்டைக்காரரிலிருந்து வேறுபட்டவர் இல்லை.

முயல் வேட்டை தென் மாவட்டங்களில் பழைய வழக்கம். சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் பேர் வாங்கியதே முயலைத் துரத்தித்தான். திருவிழாவை ஒட்டி வேட்டைக்குப் போகும் ஊர்களும் உண்டு. பழக்கம் பழையது என்பதால் குற்றம் குற்றமில்லை என்று ஆகிவிடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காப்புக்காட்டுக்குள் மட்டும் செல்லுபடியாவதல்ல; சொந்தப் பட்டா நிலத்தில் கண்ணி வைத்தாலும் வழக்குதான். வீரம் என்று சொல்பவர்களுக்கு வள்ளுவரே பதில் சொல்லியிருக்கிறார். முயலை வீழ்த்திய அம்பைவிட யானையைத் தவறவிட்ட வேல் மேலானது என்பது படைச்செருக்கு அதிகாரத்தில் அவர் சொன்ன கணக்கு.

விவசாயியின் பக்கமும் இருக்கிறது. உளுந்து, நிலக்கடலை முளைவிடும்போது முயல் வந்து கொறிக்கும், அது உண்மை. ஆனால் காட்டுப்பன்றி ஒரே இரவில் செய்யும் நாசத்தோடு இதைச் சேர்த்து எண்ணக்கூடாது. பன்றிக்கு வைக்கும் மின்வேலியில் முயலும் மனிதரும் சாகிறார்கள் என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

வேட்டைக்காரரைவிடப் பெரிய எதிரி காகிதத்தில் இருக்கிறது. வருவாய்த் துறைப் பதிவேட்டில் முயல் வாழும் நிலத்துக்குப் பெயர் ‘தீர்வை ஏற்படாத தரிசு’, ‘கல்லாங்குத்து’. மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பிலும் புதர் நிலம் பயனற்ற நிலங்களின் பட்டியலில்தான் வருகிறது. பயனற்றது என்று எழுதிவிட்டால் அதில் மனைக்கல் நடுவதற்கும் பொத்தையை உடைத்து ஜல்லியாக்குவதற்கும் யாரும் இரண்டு முறை யோசிப்பதில்லை. அந்த நிலத்தில் முயல் இருப்பதால்தான் நரி வருகிறது, காட்டுப்பூனை வருகிறது, பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை குஞ்சு பொரிக்கிறது. ஆடு மேய்ப்பவருக்கு அது மேய்ச்சல் நிலம். மழை பெய்தால் குளத்துக்குத் தண்ணீர் கூட்டி அனுப்புவதும் அதுவே. இத்தனை வேலை பார்க்கும் நிலத்துக்குத் தரிசு என்று பெயர் வைத்தது நம் தவறு.

ஊரும் முயலும் சேர்ந்திருக்க முடியாதா என்றால், முடியும். சென்னையின் நடுவே மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லாத கிண்டி தேசியப் பூங்காவில் வெளிமானோடும் புள்ளிமானோடும் இதே கருங்கழுத்து முயல் வாழ்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரத்துக்குள் வயல் முயல்கள் குடியேறியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். புதரும் புல்லும் கொஞ்சம் விட்டுவைத்தால் முயல் ஊரைக் கண்டு பயந்து ஓடிவிடுவதில்லை. ஆய்க்குடிக்கு விட்டுவைக்க இன்னும் நிலம் இருக்கிறது.

படம் எடுக்கப் போகும் இடத்தில் தனியாக ஒரு குட்டி கிடந்தால் தாய் விட்டுப்போய்விட்டது என்று நினைத்து வீட்டுக்குத் தூக்கிவருவது பலர் செய்யும் பிழை. முயல் இனத்தில் தாய் குட்டியோடு கூடவே இருப்பதில்லை. தான் அருகில் இருந்தால் மோப்பம் பிடித்து நரி வந்துவிடும் என்பதால் தள்ளியே இருந்து, இருட்டும் வேளையில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். தூக்கிவந்த குட்டி பசும்பாலில் பிழைப்பது அரிது. பார்த்தவுடன் விலகிவிடுவதுதான் அதற்குச் செய்யும் உதவி. எடுத்த படத்தை முகநூலில் போடும்போது இடத்தின் பெயரைப் போடாமல் இருப்பது இன்னொரு உதவி. அந்தப் பதிவை வலைக்காரரும் படிப்பார்.

தாமிரபரணிப் படுகையின் குளங்களில் 2011 முதல் தன்னார்வலர்கள் ஜனவரிதோறும் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்துவருகிறார்கள். பள்ளி, கல்லூரி மாணவர்களும் நோட்டும் தொலைநோக்கியுமாகக் குளக்கரையில் நிற்கிறார்கள். வரும் ஜனவரியில் அப்படிப் போகிறவர்கள் கரையை விட்டு இறங்கி, பக்கத்துத் தரிசிலும் ஒரு பத்து நிமிடம் நடந்து பாருங்கள். முயல் புழுக்கை கிடந்தால் தேதியும் சர்வே எண்ணும் குறித்துவைத்து, ஒரு பிரதியை வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள். அந்த எண்ணுக்கு மனைப்பிரிவு அனுமதியோ குவாரி அனுமதியோ கேட்டு மனு வரும் நாளில், அங்கே ஓர் உயிர் இருந்தது என்று காட்ட அந்தக் காகிதம் வேண்டியிருக்கும்.