ஆணியில் தொங்கும் பைகள்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தையும் அரசு தொடங்கியது. ஆனாலும் மயிலாப்பூர் மாட வீதியில் காய் வாங்க வருகிறவர்களில் பலர் இன்னும் வெறுங்கையோடுதான் வருகிறார்கள்.

வீட்டில் பை இல்லாமலா? கதவுக்குப் பின்னால் ஆணியில் பத்துப் பதினைந்து தாம்பூலப் பைகள் தொங்கும். எடுத்துப் போகத்தான் மனம் வராது. யாரோ ஒரு மணமக்களின் பெயரைச் சுமந்துகொண்டு பாண்டி பஜாரில் நடக்க யாருக்கு ஆசை? மஞ்சள் பை என்றால் கேட்கவே வேண்டாம். அதைக் கையில் பிடித்து வந்தவரைப் பட்டிக்காட்டான் என்று சிரித்த ஊர் இது.

பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. ஒரே தடவை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பருத்திப் பை புவி வெப்பத்தைக் குறைவாகக் கூட்ட வேண்டுமானால், அதை 131 தடவை பயன்படுத்த வேண்டுமாம். வாரம் ஒரு தடவை என்றால் இரண்டரை வருஷம். ஆணியில் தொங்கும் பை யாருக்கு நல்லது?

என் கட்சி இதுதான்: பை இலவசமாகக் கிடைத்தால் போதாது, கையில் எடுக்கப் பிடிக்க வேண்டும். அதற்கு, இருபுறமும் மாற்றிப் பிடிக்கும் பூப்போட்ட பையைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஓய்வுக்குப் பிறகு மனைவியின் தையல் மெஷினில் நானே தைக்கிறேன்.

இதற்குப் புதுத்துணி வாங்காதீர்கள். பழைய சுங்குடிப் புடவை, கிழிந்த படுக்கை விரிப்பில் நல்ல பகுதி, எது இருந்தாலும் சரி. சாயம் போகிறதா என்று துவைத்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். இரண்டு வகைத் துணி. ஒவ்வொன்றிலும் 16 அங்குல நீளம், 14 அங்குல அகலத்தில் இரண்டு துண்டு. தனித்தனியே மூன்று பக்கம் தைத்தால் இரண்டு பைகள். ஒன்றின் அடியில் மட்டும் நாலு அங்குலம் தைக்காமல் விடுங்கள். நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்து, கைப்பிடிகளை நடுவில் செருகி, வாயைச் சுற்றித் தையுங்கள். விட்ட இடைவெளி வழியாக முழுவதையும் வெளியே இழுத்து, அந்த இடைவெளியை மூடி, வாயோரம் இன்னொரு தையல். முடிந்தது.

தையல் விளிம்பு உள்ளே மறைந்துவிடுவதால் நூல் பிரிந்து கொத்தமல்லிக் கட்டில் சிக்காது. துணி இரட்டை என்பதால் அரிசியும் தாங்கும். ஒரு பக்கம் மார்க்கெட்டுக்கு, மறுபக்கம் சபாக் கச்சேரிக்கு.

கல்யாண வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். தாம்பூலப் பையையும் இப்படியே தைக்கச் சொல்லுங்கள். பெயர் ஒரு பக்கம் இருக்கட்டும், பூ மறுபக்கம். பெயரை உள்ளே திருப்பிக்கொண்டாவது பை வெளியே வரும்.