விலக்கு எங்கே நிற்க வேண்டும்?

வாஷியிலிருந்து கழிமுகப் பாலத்தின் வழியாக மும்பைக்குள் செல்லும் லாரிகளுக்கு இரண்டே விதிகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் விதி: காலை 7 மணி முதல் 11 மணி வரை கனரக வாகனங்கள் நகருக்குள் நுழையக் கூடாது. இரண்டாம் விதி: காய்கறியும் பாலும் ஏற்றிய வாகனங்கள் எந்நேரமும் செல்லலாம். மொத்த விற்பனைச் சந்தையிலிருந்து மாட்டுங்காவுக்கு முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டு 8 மணிக்குப் புறப்படும் லாரியைக் காவலர் விட்டுவிடுவார். இரண்டாம் விதி முதல் விதிக்கு விலக்கு என்பதை எவரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இதே இரு வரிகளை இதே வரிசையில் ஒரு ஃபயர்வாலில் எழுதினால் லாரி அங்கேயே நிற்கும். இரண்டாம் வரியை அது படிக்கவே படிக்காது.

பெரும்பாலான ஃபயர்வால்கள் விதிப்பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கின்றன. வந்த பொட்டலத்துக்கு முதலில் பொருந்தும் விதி எதுவோ அதுவே தீர்ப்பு. வாசிப்பு அத்துடன் முடிகிறது. சிஸ்கோ ரவுட்டர்களின் அணுகல் பட்டியலும் லினக்ஸின் ஐபிடேபிள்ஸும் அடிப்படையில் இப்படித்தான் இயங்குகின்றன. நம் பாடநூல்களும் இதை இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டு, அடிக்கடி பொருந்தும் விதியை மேலே வைத்தால் வேகம் கூடும் என்ற குறிப்போடு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகின்றன. வரிசையை வேகத்தின் கேள்வியாக மட்டும் கற்பிக்கும் இந்த வழக்கம் தவறான இடத்தில் அழுத்தம் கொடுக்கிறது என்பது என் கருத்து. வரிசை முதலில் பொருளின் கேள்வி.

நாம் விதிகளை வாசிக்கக் கற்றது இலக்கணத்திலும் சட்டத்திலும். அங்கே பொதுவிதி முன்னே வரும், சிறப்புவிதி பின்னே வரும், முரண் எழுந்தால் சிறப்புவிதியே வெல்லும். தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் புறனடைச் சூத்திரம் இயலின் இறுதியில் நிற்கிறது. இறுதியில் நிற்பதால் அதற்கு வலிமை குறைவதில்லை. பாணினி இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறார். சம வலிமையுள்ள இரு விதிகள் மோதினால் அஷ்டாத்யாயியின் வரிசையில் பின்னால் வருவதே செல்லும் என்று அவருடைய 1.4.2ஆம் சூத்திரத்துக்கு மரபு பொருள் கொண்டது. அந்தச் சூத்திரம் பேசுவது நூலின் வரிசையைப் பற்றியே அல்ல, சொல்லின் வலப்புறத்தில் செயல்படும் விதியைப் பற்றி என்று ரிஷி ராஜ்போபட் தம் கேம்பிரிட்ஜ் ஆய்வேட்டில் வாதிட்டார். 2022 இறுதியில் அது செய்தித்தாள் வரை போனது, மரபறிஞர்களின் மறுப்பும் உடனே வந்தது. அந்த வழக்கை இங்கே தீர்க்க முடியாது. விதிகளின் வரிசைக்குப் பொருள் உண்டா என்ற கேள்வி கணினித் துறை கண்டுபிடித்த ஒன்றன்று என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே, பொதுத் தடையை முதலில் எழுதிவிட்டு விலக்கைக் கீழே சேர்க்கும் நிர்வாகியைக் கவனக்குறைவானவர் என்று சொல்வது நியாயமில்லை. அவர் தம் வாசிப்புப் பழக்கத்தின்படி எழுதுகிறார். கருவிகளும் அவருக்கு உதவுவதில்லை. ஓப்பன்பிஎஸ்டியின் பிஎஃப் வடிகட்டியில், இடையில் ‘குவிக்’ என்ற சொல் இல்லாவிட்டால், கடைசியாகப் பொருந்தும் விதியே வெல்லும். மரபு வாசித்த பாணினிக்கு அது நெருக்கம். அமேசானின் மேகச் சேவையில் ஒரே சர்வருக்கு முன்னால் இரண்டு அடுக்குகள் உண்டு: ஒன்றில் எண் வரிசைப்படி முதல் பொருத்தம் தீர்ப்பு, மற்றொன்றில் அனுமதி விதிகள் மட்டுமே, வரிசைக்கு வேலையே இல்லை. ஒரே மாணவர் ஒரே வாரத்தில் இந்த மூன்று உலகங்களிலும் விதி எழுத வேண்டியிருக்கிறது. 1992இலேயே ப்ரென்ட் சாப்மன் யூசெனிக்ஸ் பாதுகாப்புக் கருத்தரங்கில் இதன் மறுபக்கத்தைச் சுட்டிக்காட்டியிருந்தார்: சில ரவுட்டர்கள் திறனுக்காக விதிகளைத் தாமே இடம் மாற்றின, எழுதியவர் கருதியதும் கருவி செய்ததும் வேறுவேறாயின.

ஏஹாப் அல்-ஷேரும் ஹாஸெம் ஹமெத்தும் 2003-2004 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்தப் பிழைகளுக்குப் பெயர் கொடுத்தன. அவற்றுள் முக்கியமானதை நிழல்படிதல் என்று தமிழில் சொல்லலாம். மேலுள்ள விதிகள் ஒரு விதிக்குரிய பொட்டலங்கள் அனைத்தையும் முன்பே பிடித்து வேறு தீர்ப்பு வழங்கிவிட்டால், அந்த விதி பட்டியலில் இருந்தும் இல்லாததே. அந்தக் கட்டுரைகள் எல்லா நிழல்களையும் ஒன்றாகவே எண்ணுகின்றன. நடைமுறையில் அவை ஒன்றல்ல. இந்தப் பதிவை எழுதத் தூண்டியதும் அந்த வேறுபாடுதான்.

நிழலில் விழுந்தது அனுமதி விதியானால், யாரோ ஒருவருக்கு வேலை நடக்காது. அவர் தொலைபேசியில் அழைப்பார், மின்னஞ்சல் எழுதுவார், அலுவலக வாசலில் வந்து நிற்பார். பிழை ஓரிரு நாளில் வெளிப்பட்டுவிடும். நிழலில் விழுந்தது தடை விதியானால் எவருக்கும் எந்த இடையூறும் இல்லை. தடுக்கப்பட வேண்டியது தடுக்கப்படவில்லை என்று புகார் கொடுக்க வருபவர் யார்? அந்த விதி ஆண்டுக்கணக்கில் பட்டியலில் கிடக்கும். தணிக்கைக்கு வருபவர் ‘இந்தப் போர்ட் மூடப்பட்டுள்ளதா’ என்று கேட்பார், நிர்வாகி அந்த வரியைக் காட்டுவார், படிவத்தில் ஒரு சரிக்குறி விழும்.

புகார் வந்தவுடன் நிர்வாகி செய்வதையும் பார்க்க வேண்டும். அவசரத்தில், எந்த விதி தடுக்கிறது என்று தேடாமல், புதிய அனுமதியைப் பட்டியலின் தலையில் வைக்கிறார். வேலை நடந்துவிடுகிறது. அடுத்த புகாருக்கு அடுத்த அனுமதி, அதுவும் தலையில். சில ஆண்டுகளில் பட்டியலின் மேற்பகுதி முழுவதும் அகன்ற அனுமதிகளாகிறது. நிதானமாகச் சிந்தித்து எழுதிய தடைகள் ஒவ்வொன்றாக நிழலுக்குள் இறங்குகின்றன. அப்போது அந்தப் பட்டியல் நிறுவனத்தின் கொள்கை ஆவணமாக இருப்பதில்லை, யாருடைய புகார் எப்போது செவியேறியது என்பதன் வரலாறாகிவிடுகிறது. இயக்குநர் அலுவலகத்தின் கோரிக்கை மூன்றாம் வரியில் இருக்கும். விடுதி மாணவர்களின் கோரிக்கை, பொதுத் தடைக்குக் கீழே, செயலற்று இருக்கும். விடுதிப் பிணையத்திலிருந்து ஆய்விதழ்த் தளம் திறக்காததற்குக் காரணம் கேட்ட மாணவர்களுக்கு ‘அனுமதி கொடுத்தாயிற்றே’ என்று பதில் வந்ததை நான் ஒரு வளாகத்தில் கண்டிருக்கிறேன். பதில் உண்மைதான். அனுமதி பட்டியலில் இருந்தது.

தடை விதி செயலற்றுக் கிடப்பதன் விலையை நவி மும்பைவாசிகளுக்கு நினைவூட்டத் தொலைவு போக வேண்டியதில்லை. 2017 ஜூன் 27 அன்று உலகெங்கும் பரவிய நாட்பெட்யா மெர்ஸ்க் குழுமத்தை முடக்கியபோது, நவசேவாவில் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய சரக்குப்பெட்டக முனையமும் பாதிக்கப்பட்டது. வேலைகளைக் கைமுறையாகச் செய்ய வேண்டி வந்தது. அந்த முனையத்தின் மீது குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. அந்தத் தீநிரல் பரவிய வழிகளைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். ஒரு கணினியில் நுழைந்ததும், கோப்புப் பகிர்வுக்கான 445ஆம் போர்ட் வழியாகவும் திருடிய கடவுச்சொற்களைக் கொண்டும் அது உட்பிணையத்தில் பக்கவாட்டில் தாவியது. உட்பிரிவுகளுக்கிடையே 445ஐத் தடுக்கும் விதி பல நிறுவனங்களின் பட்டியலில் உண்டு. அதற்கு மேலே ‘உட்பிணையத்திலிருந்து உட்பிணையத்துக்கு அனைத்தும் அனுமதி’ என்ற வரி இருந்தால், அந்தத் தடை வெறும் எழுத்து.

இனி வேகம். அதை ஒதுக்கச் சொல்லவில்லை. 500 விதிகளில் 400ஆம் இடத்தில் உள்ள ஒன்று புதிய இணைப்புகளில் பாதியைப் பிடிக்கிறது என்றால், அதை 5ஆம் இடத்துக்கு உயர்த்துவதால் இணைப்பு ஒன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 197 ஒப்பீடுகள் மிச்சம். எந்த விதியோடும் பொருந்தாத பொட்டலம் முழுப் பட்டியலையும் கடந்து கடைசித் தடையில்தான் விழுகிறது. வெள்ளமாகக் குப்பைப் பொட்டலங்களை அனுப்புகிறவருக்கு அது சாதகம். ஆனால் இணைப்பின் நிலையை நினைவில் வைக்கும் ஃபயர்வாலில் முதல் பொட்டலம் மட்டுமே பட்டியலைக் கடக்கிறது. சிறப்பு நினைவகச் சில்லு உள்ள கருவிகள் எல்லா விதிகளையும் ஒரே நேரத்தில் ஒப்பிடுகின்றன. வேகத்துக்கான வாதம் ஆண்டுதோறும் மெலிகிறது. மேலும், பொருள் மாறாமல் மிகச் சிறந்த வரிசையைக் காண்பது, முன்பின் நிபந்தனையுள்ள வேலைகளை ஒரே இயந்திரத்தில் அடுக்கும் கணக்குக்கு ஒப்பானது. என்பி-கடினம் என்று நிறுவப்பட்டது. ‘அடிக்கடி பொருந்துவதை மேலே வை’ என்ற பாடநூல் அறிவுரை இந்த முன்பின் நிபந்தனையைச் சொல்லாமல் விடுகிறது. ஒன்றையொன்று வெட்டாத விதிகளை எப்படி மாற்றி அடுக்கினாலும் கேடில்லை. வெட்டிக்கொள்ளும் விதிகள் வேறுவேறு தீர்ப்பு சொல்லும்போது, அவற்றை இடம் மாற்றுவது கொள்கையையே மாற்றுவது.

இந்தியக் கணினி அவசரகால எதிர்வினைக் குழு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணைப்படி நிறுவனங்கள் 180 நாட்களுக்குப் பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும். எந்த விதி எத்தனை முறை பொருந்தியது என்பதை அந்தப் பதிவுகளிலிருந்தே எண்ணலாம். ஆனால் 180 நாளில் ஒரு முறையும் பொருந்தாத விதிக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு: அத்தகைய பொட்டலம் வரவே இல்லை, அல்லது வந்தது, மேலே வேறொரு விதி எடுத்துக்கொண்டது. எண்ணிக்கை மட்டும் இவற்றைப் பிரித்துக் காட்டாது. அந்த விதியின் பொட்டலக் கணத்தை அதற்கு மேலுள்ளவற்றின் கணங்களோடு ஒப்பிட்டால்தான் தெரியும். இளநிலை மாணவரால் இதைத் தாளில் போட்டுப் பார்க்க முடியும். பிணையப் பாதுகாப்புத் தாளில் ‘ஃபயர்வாலின் வகைகளை விளக்குக’ என்ற வினாவை நீக்கிவிட்டு, பன்னிரண்டு விதிகள் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்து, இவற்றுள் எவை ஒருபோதும் செயல்படா, அதனால் பாதிக்கப்படுபவர் யார் என்று கேட்கலாம். பத்து மதிப்பெண் கொடுக்கலாம்.