பாட்டு எழுதினது யாரு? (டேக் தட் புராணம்)

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகம். அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. காணோமேன்னு விசாரிச்ச ரெண்டு நல்ல உள்ளங்களுக்கும் நன்றி :-)

இன்னிக்கு மேட்டர் டேக் தட். இங்கிலாந்துல, மான்செஸ்டர்ல 1990-ல ஆரம்பிச்ச பாய் பேண்டு. "அடச்சே, பாய் பேண்டா!"ன்னு ஜன்னலை மூடப் போறவங்க ஒரு அஞ்சு நிமிஷம் பொறுங்க சாமி. நானும் உங்க கட்சிதான். காலேஜ்ல பிங்க் ஃப்ளாய்ட் படம் போட்ட கறுப்பு டீ-ஷர்ட்டை நாலு வருஷம் துவைக்காம போட்ட கோஷ்டி. அஞ்சு பசங்க, ஒரே மாதிரி சட்டை, ஒரே மாதிரி டான்ஸ், பின்னாடி ஒரு மேனேஜர்... இதெல்லாம் சங்கீதமே இல்லைன்னு ஹாஸ்டல் மொட்டை மாடியில மணிக்கணக்கா பேசியிருக்கேன்.

அந்த நெனப்பு மாறினது மான்செஸ்டர்லதான். 2023 கடைசியில ஆன்சைட்னு எட்டு மாசம் அங்க அனுப்பி வெச்சாங்க. க்ளையண்ட் பக்கம் டெஸ்டிங் பாக்குற ஒரு அம்மணி, நாப்பதைத் தாண்டினவங்க, ரொம்ப கறார். நம்ம கோடுல ஒரு புள்ளி தப்பா இருந்தாலும் விடமாட்டாங்க. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல பேச்சுவாக்குல சொன்னாங்க, 1996 பிப்ரவரி 13 அன்னிக்கு ஸ்கூல் பாத்ரூம்ல உக்காந்து அழுதாங்களாம். என்னாச்சுன்னு பதறிப்போய் கேட்டா, அன்னிக்குதான் டேக் தட் கலையறதா அறிவிச்சாங்களாம்! நான் சிரிச்சுட்டேன். அவங்க சிரிக்கல. அழற பசங்களுக்காக அப்போ தனியா ஹெல்ப்லைனே வெச்சாங்கன்னாங்க. ராத்திரி ரூமுக்குப் போய் தேடினா, ஆமா, நெஜம்தான்.

அன்னிக்கு ஆரம்பிச்ச தேடல். ஒரு வாரம் தூக்கம் போச்சு. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே கலைஞ்சுபோன பேண்டு, எனக்கு ஏன் இவ்ளோ அக்கறைன்னு எனக்கே புரியல. இப்போ புரியுது, கீழ சொல்றேன்.

மொதல்ல சின்னதா ஒரு கொசுவத்தி. அமெரிக்காவுல நியூ கிட்ஸ் ஆன் தி பிளாக் கல்லா கட்டறதைப் பாத்துட்டு நைஜல் மார்ட்டின்-ஸ்மித்னு ஒரு மேனேஜர், நம்ம ஊர்லயும் ஒண்ணு செய்யலாமேன்னு கிளம்பினார். கையில கிடைச்சவன் கேரி பார்லோ. பதின்வயசுலேர்ந்தே கிளப்புகள்ல கீபோர்டு வாசிச்சு, சொந்தமா பாட்டு எழுதி வெச்சிருந்த பையன். அவனைச் சுத்தி மத்தவங்களைச் சேத்தாங்க. பேங்க்ல வேலை பாத்த மார்க் ஓவன், வண்டிக்குப் பெயிண்ட் அடிச்ச ஹோவர்ட் டொனால்ட், வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்ச ஜேசன் ஆரஞ்ச் (கடைசி ரெண்டு பேரும் பிரேக் டான்ஸ் ஆடறவங்க), அப்புறம் பதினாறே வயசான ராபி வில்லியம்ஸ். அதாவது ஒரு பாட்டுக்காரன், நாலு துணை. ஆரம்பத்துலேயே ஆர்கிடெக்சர் அப்படித்தான்.

உடனே ஹிட்டுன்னு நெனைக்காதீங்க. 1991-ல மொதல் சிங்கிள் பிரிட்டிஷ் சார்ட்ல 82-வது இடம். அதோட வீடியோவுல உடம்பெல்லாம் ஜெல்லியைப் பூசிக்கிட்டு உருளுவாங்க பாருங்க, பெத்தவங்களோட பாக்க வேண்டாம். மொதல் டாப் டென் 1992-ல வந்தது, அதுவும் ஒரு பழைய அமெரிக்க பாட்டை மறுபடி பாடினதுதான். 1993-ல கேரி எழுதின 'ப்ரே' நம்பர் ஒன். அதுலேர்ந்து 1996 வரைக்கும் எட்டு நம்பர் ஒன். 1995-ல வந்த 'பேக் ஃபார் குட்' அமெரிக்க பில்போர்டுலயே 7-வது இடம் வரைக்கும் போச்சு.

அதே 1995 ஜூலையில ராபி வெளிய போனான். அடுத்த பிப்ரவரியில மொத்தமா கலைஞ்சுது. அறிவிச்ச 13-ஆம் தேதி ராபியோட பொறந்தநாள். என்னா டைமிங்!

இனிமேதான் நான் சொல்ல வந்த விஷயம்.

ஒரு பாட்டு வித்தா காசு ரெண்டு குழாய் வழியா வரும். ஒண்ணு ரெக்கார்டிங்குக்கான ராயல்டி, பாடினவங்களுக்குப் போறது. இன்னொண்ணு பாட்டை எழுதி மெட்டுப் போட்டவங்களுக்குப் போறது. ரேடியோவுல ஒலிச்சாலும், வேற யாராவது எடுத்துப் பாடினாலும், விளம்பரத்துக்குக் குடுத்தாலும் எழுதினவனுக்குத் துட்டு. பேண்டு கலைஞ்சாலும் ரெண்டாவது குழாய் அடைபடாது. மொதல் இன்னிங்ஸ்ல டேக் தட்டோட சொந்தப் பாட்டுகள்ல பெரும்பாலானதுல எழுதினவர்ங்கற இடத்துல ஒரே பேர்தான்: கேரி பார்லோ. அஞ்சு பேரும் ஒரே வேன்ல போய், ஒரே மேடையில வேர்த்து, ஒரே கூட்டத்துக்கிட்ட சட்டை கிழிபட்டாலும், வீட்டுக்குப் போறப்போ கையில இருக்கற கணக்கு வேற வேற.

இது தப்பான்னு கேட்டா, சட்டப்படி தப்பே இல்ல. எழுதினவன் பேரைப் போடாம வேற யார் பேரைப் போடறது? இதே பிரிட்டன்ல ஸ்பாண்டாவ் பாலே பேண்டுல மூணு பேர், பாட்டு எழுதின கேரி கெம்ப் மேல (அங்கயும் ஒரு கேரி!) எழுத்து ராயல்டியில எங்களுக்கும் பங்கு வேணும்னு கேஸ் போட்டு 1999-ல தோத்தாங்க. கோர்ட்டு சொன்னது சட்டம். ஆனா ஒரு டீம் சட்டத்துல மட்டும் ஓடறதில்லையே.

கலைஞ்சதுக்கு அப்புறம் நடந்ததுதான் செம திருப்பம். எல்லாரும் கேரி பெரிய ஸ்டார் ஆவான், ராபி குடிச்சே அழிஞ்சுடுவான்னு நெனச்சாங்க. கேரிக்கும் மொதல்ல ரெண்டு நம்பர் ஒன் வந்துது. அப்புறம் 1999-ல ரெண்டாவது சோலோ ஆல்பம் 35-வது இடத்தோட படுத்துச்சு, கம்பெனி கை கழுவிடுச்சு. ஆளு வெளிய தலை காட்டாம, உடம்பு பெருத்துப்போய் வீட்லயே கிடந்தார். அந்தப் பக்கம் ராபி, 'ஏஞ்சல்ஸ்'னு ஒரே பாட்டுல எகிறி, 2003-ல நெப்வொர்த் மைதானத்துல மூணு நாள்ல 3.75 லட்சம் பேருக்கு முன்னாடி பாடினான். பேட்டிக்குப் பேட்டி கேரியைக் கிண்டல் வேற. எழுதத் தெரிஞ்சவன் வீட்ல, கூட நின்னவன் உச்சியில. மத்த மூணு பேரைப் பத்தி யாரும் பேசல. மார்க் 2002-ல பிரபலங்களுக்கான பிக் பிரதர்ல ஜெயிச்சான், அவ்ளோதான்.

2005 நவம்பர்ல ஐடிவி ஒரு டாகுமெண்டரி போட்டுது. நாலு பேரும் வந்து உக்காந்து பழசைப் பேசினாங்க. ராபி வருவானான்னு காத்திருந்தாங்க. வரல, வீடியோவுல செய்தி மட்டும் அனுப்பினான். அந்தக் காட்சியைப் பாத்துட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். அம்மணி ஏன் சிரிக்கலைன்னு அப்போ புரிஞ்சுது.

2006-ல நாலு பேரா டூர், அப்புறம் 'பியூட்டிஃபுல் வேர்ல்ட்' ஆல்பம். ஆல்பத்துல எழுதினவங்க பட்டியலைப் பாருங்க. பார்லோ, டொனால்ட், ஆரஞ்ச், ஓவன். நாலு பேர் பேரும், வெளியிலேர்ந்து கூட உக்காந்து எழுதினவங்க பேரும். பாடறதும் அப்படியே பிரிச்சாச்சு. 'ஷைன்' மார்க் பாடினது. தலைப்புப் பாட்டு ஹோவர்ட். முன்னாடி பின்னால நின்னு ஆடின ஜேசனுக்கும் தனியா ஒரு பாட்டு. 'பேஷன்ஸ்' நாலு வாரம் நம்பர் ஒன், 'ஷைன்' அதுவும் நம்பர் ஒன், ரெண்டுக்குமே சிறந்த பிரிட்டிஷ் சிங்கிளுக்கான பிரிட் விருது. பிரிட்டன்ல மட்டும் 25 லட்சத்துக்கு மேல வித்துச்சு. இளவட்டமா இருந்தப்போ போட்ட ஆல்பம் எதுவும் அங்க இவ்ளோ விக்கல, மக்கா!

"அதெல்லாம் பழைய ஞாபகம்யா, அழுத பொண்ணுங்க வளந்து சம்பாதிச்சு டிக்கெட் வாங்கினாங்க"ன்னு நீங்க சொல்வீங்க. ஓரளவு ஒத்துக்கறேன், ஆனா அது டூருக்குத்தான் பொருந்தும். பழைய ஞாபகத்துக்காக வர்றவன் பழைய பாட்டைத்தான் கேப்பான், புதுப் பாட்டு வரும்போது பாத்ரூம் போயிடுவான். இவங்களுக்கோ புதுப் பாட்டுதான் பிச்சுக்கிட்டுப் போச்சு. அதோட, அதே தலைமுறைக்கு அதே ஞாபகம் ஈஸ்ட் 17 மேலயும் இருந்துதே. லண்டன் பசங்க, அங்கயும் டோனி மார்ட்டிமர்னு ஒருத்தர்தான் முக்கியமான பாட்டெல்லாம் எழுதினவர். அவங்களும் அதே 2006-ல ஒண்ணு கூடிப் பாத்தாங்க. நிலைக்கல. ஞாபகம் கதவைத் திறந்து விடும், உள்ள வந்து நிக்கறதுக்கு வேற ஏதோ வேணும். அந்த வேற ஏதோதான் இந்தப் பேர்ப் பட்டியல்ங்கறது என் கட்சி.

அடுத்த கேள்வி வரும்னு தெரியும். நாலு பேரும் சமமா எழுதியிருப்பாங்களா? சான்சே இல்ல. கேரி அளவுக்கு மெட்டுப் போட அங்க ஆள் கிடையாது. அப்போ சமமாப் பேர் போடறது பொய்தானேன்னு நானும் ரொம்ப யோசிச்சேன். என் முடிவு: ஒருத்தன் எழுதின வரிகளை மட்டும் எண்ணினா அது பொய். ஒரு பாட்டு உருவாகற அறையில இருந்த எல்லாத்தையும் எண்ணினா அவ்வளவு பொய் இல்ல. "இந்த இடம் நல்லால்ல"ன்னு சொல்றவன், நடுராத்திரி "இன்னொரு தடவை"ன்னு சொல்றவன், எல்லாரும் சோந்துபோனப்போ ஜோக் அடிக்கறவன், இவங்க பேர் எந்தக் கமிட்லயும் வராது. சம பங்குன்னா கேரிக்கு வர வேண்டிய காசுதான் குறையும். தெரிஞ்சேதான் ஒத்துக்கிட்டார். பத்து வருஷம் தனியா இருந்து பாத்தவருக்கு அந்தக் கணக்கு புரிஞ்சிருக்கும்னு நெனைக்கறேன்.

(கேரி ஒண்ணும் மகாத்மா இல்ல. அவரும் மார்க்கும் ஹோவர்டும் போட்ட ஒரு முதலீடு வரியைத் தவிர்க்கற திட்டம்தான்னு 2014-ல டிரிப்யூனல் தீர்ப்பு சொல்லுச்சு, மனுஷன் மன்னிப்பும் கேட்டார். பாட்டுப் பங்கை வெச்சு ஆளையே தெய்வமாக்க வேண்டாம்.)

சரி, எனக்கு ஏன் அக்கறைன்னு சொல்றேன்னேனே.

மூணு வருஷம் முன்னாடி, இங்க சென்னையில, நானும் என் பேட்ச் பையன் ஒருத்தனும் சேந்து ஒரு டூல் செஞ்சோம். ராத்திரி ஓடற ஜாபெல்லாம் எங்க விழுந்துச்சு, ஏன் விழுந்துச்சுன்னு தானா கண்டுபிடிக்கறது. கோடு முக்கால்வாசி நான் எழுதினது, பொய் இல்ல. ஆனா ஆறு மாசப் பழைய லாக்கை உக்காந்து படிச்சு, எந்த எரர் நெஜம், எது சும்மான்னு வகை பிரிச்சுக் குடுத்தவன் அவன். அது இல்லாம என் கோடு வெறும் டப்பா. டெமோ நான் குடுத்தேன். மொதல் ஸ்லைடுல என் பேர் மட்டும். வேணும்னு செய்யல, "நான்தானே எழுதினேன்"னு தோணுச்சு. அப்ரைசல்ல எனக்கு மேல் ரேட்டிங், அவனுக்கு நடு ரேட்டிங். "கலக்கிட்ட மச்சி"ன்னு கை குடுத்தான். நாலு மாசத்துல பேப்பர் போட்டான். அவன் போனப்புறம் புது வகை எரர் வந்தப்போ எங்கிட்ட கோடு இருந்துச்சு, வகை பிரிக்கத் தெரியல. இப்போ அந்த டூலை யாரும் தொடறதில்ல.

அதனாலதான் அந்த நாலு பேரோட பேர்ப் பட்டியலை நான் அவ்ளோ நேரம் பாத்துட்டு இருந்தது.

மிச்சக் கதையைச் சுருக்கமா முடிச்சுடறேன். 2010-ல ராபி திரும்பி வந்தான். அஞ்சு பேரும் சேந்து எழுதின 'ப்ராக்ரஸ்' ஆல்பம் மொதல் நாளே 2.35 லட்சம் வித்துச்சு. எழுதினவங்க இடத்துல அஞ்சு பேரோட பேரும் இருந்துச்சு, ஒரு காலத்துல மூஞ்சிலயே முழிக்காத கேரியும் ராபியும் உள்பட. 2011-ல வெம்ப்ளியில எட்டு ராத்திரி. அதுக்கு முன்னாடி 1988-ல மைக்கேல் ஜாக்சன் ஏழு ராத்திரி. அப்புறம் ராபி மறுபடி தன் வழிக்குப் போனான். 2014-ல ஜேசன் போதும்னு விலகிட்டார். சண்டை இல்ல, கேஸ் இல்ல, புத்தகம் இல்ல. மேடைப் பக்கமே அப்புறம் அவர் வரல. கேரி, மார்க், ஹோவர்ட் மூணு பேரா தொடந்தாங்க, 2023-ல வந்த 'திஸ் லைஃப்' ஆல்பமும் நம்பர் ஒன்.

எனக்கு இதுல ஜேசனைத்தான் ரொம்பப் பிடிச்சிருக்கு. மொதல் தடவை எல்லாரும் கலைஞ்சு போனதுக்கும், இவர் தனியா எழுந்து போனதுக்கும் நடுவுல எவ்ளோ வித்தியாசம். பேர் போட்டாச்சு, கணக்கு நேராச்சு, கை குடுத்துட்டுப் போறேன்ங்கற மாதிரி ஒரு போக்கு.

போன வாரம் என் பேட்ச் பையனுக்கு போன் போட்டேன். ஸ்லைடு விஷயத்தைச் சொன்னேன். "அத இன்னுமா ஞாபகம் வெச்சிருக்க?"ன்னு சிரிச்சான். கொஞ்ச நேரம் கழிச்சு, "அன்னிக்கு ராத்திரி எங்கம்மாகிட்ட டெமோ வீடியோ காட்டலாம்னு நெனச்சிருந்தேன்டா, காட்டல"ன்னான். அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. வீட்டுக்கு வாடான்னேன். பொங்கலுக்கு வரேன்னிருக்கான்.

பி.கு: கேக்கணும்னு ஆசைப்படறவங்க 'பேக் ஃபார் குட்'ல ஆரம்பிங்க, அப்புறம் 'பேஷன்ஸ்'. ஜெல்லி வீடியோவைப் பாத்துட்டுப் பின்னூட்டத்துல என்னைத் திட்டினா நான் பொறுப்பில்ல. ஆணி கூப்பிடுது, அப்பீட்டு!