ஊதா கேசட் பார்ட் 2

பார்ட் 2 என்றாலே ரிஸ்க்தான். அதையும் 14 வருடம் கழித்து எடுத்தால்?

நியூயார்க்கின் வூ-டாங் கிளான் குழுவைச் சேர்ந்த ராப் பாடகர் ரேக்வான். 1995-ல் வந்த அவரது முதல் தனி ஆல்பம் 'ஒன்லி பில்ட் ஃபோர் கியூபன் லின்க்ஸ்'. போதை வியாபாரத்தில் இறங்கிய இரண்டு நண்பர்களின் கதையை சினிமா மாதிரி சொன்ன ஆல்பம். கேசட் ஊதா நிறத்தில் வந்ததால் ரசிகர்களுக்கு அது 'ஊதா கேசட்'.

இரண்டாம் பாகம் 'இதோ, அதோ' என்று தள்ளிக்கொண்டே போனது. அதற்குள் குழுவின் தோழர் ஓல் டர்ட்டி பாஸ்டர்ட் 2004-ல், ஸ்டுடியோவிலேயே சுருண்டு விழுந்து இறந்தார். போதைதான் காரணம். இசையமைப்பாளர் ஜே டில்லா 2006-ல், 32 வயதில் போய்ச் சேர்ந்தார்.

2009 செப்டம்பரில் ஒருவழியாக ஆல்பம் வந்தது. முதல் பாகத்துக்கு இசை ஆர்இசட்ஏ. இதில் டாக்டர் ட்ரே உள்பட ஏகப்பட்ட பேர். கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் பழைய ருசி கெடவில்லை. பழைய கூட்டாளி கோஸ்ட்ஃபேஸ் கில்லாவும் கூடவே வருகிறார். விமர்சகர்களும் கொண்டாடினார்கள்.

முதலில் கேட்க வேண்டியது 'ஏசன் ஜோன்ஸ்'. ஓல் டர்ட்டி பாஸ்டர்டுக்கு ரேக்வான் பாடும் அஞ்சலி. பின்னால் ஒலிப்பது, டில்லா விட்டுச்சென்ற இசை.