சிக்கனமும் சூழல் காப்பும்

சுற்றுச்சூழலைக் காப்பது செலவு மிகுந்த செயல் என்னும் எண்ணம் நம்மிடையே பரவி வருகிறது. மூங்கில் பல்துலக்கி, கண்ணாடிப் புட்டி, ‘பசுமைப் பொருள்’ என்னும் முத்திரையோடு விற்கப்படும் துப்புரவுத் திரவம் ஆகியவற்றின் விலையைக் கண்டு, “இது வசதி படைத்தோர்க்கு உரியது” என்று ஒதுங்குவோர் பலர். என் கருத்து இதற்கு மாறானது. சூழல் காப்பு பொருள்களை வாங்குவதில் தொடங்குவதன்று. இருப்பதை வீணாக்காமையில் தொடங்குவது. அவ்வாறு தொடங்கினால் வீட்டில் பணமும் மிஞ்சும்.

ஒரு சிறு கணக்கு

ஆளில்லாத அறையில் மின்விசிறி ஒன்று நாள்தோறும் இரண்டு மணி நேரம் சுழல்வதாகக் கொள்வோம். பழைய வகை மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் கொள்ளும். ஒரு நாளுக்கு 150 வாட் மணி. 30 நாளுக்கு நாலரை யூனிட். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 36 ரூபாய். ஆண்டுக்கு 432 ரூபாய். யாருக்கும் காற்று வீசாத காற்றுக்கு நாம் கொடுக்கும் விலை இது. இதனைத் தவிர்க்கப் புதிய கருவி எதுவும் வேண்டா. அறையைவிட்டு வெளியேறும்போது கையை நீட்டி விசையை அணைத்தால் போதும். பருப்பை ஊறவைத்து வேகவைப்பதும், பாத்திரத்தை மூடிச் சமைப்பதும் இத்தகையனவே. எரிவாயு உருளை இன்னும் சில நாள்கள் கூடுதலாக வரும்.

அண்டை வீட்டாரின் பங்கு

நீரின் கணக்கு சற்று வேறுபட்டது. மும்பை அடுக்ககங்கள் பலவற்றில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி நீர்மானி இல்லை. கட்டணத்தை எல்லாரும் பகிர்ந்துகொள்கின்றனர். எனவே குழாயை மூடுபவரின் சேமிப்பு அவருடைய கணக்கில் தனியே தெரிவதில்லை. “நான் ஏன் மூட வேண்டும்?” என்னும் கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

மும்பைக்கு நீர் தருபவை ஏழு ஏரிகள். அவற்றுள் விகாரும் துளசியும் மட்டுமே நகர எல்லைக்குள் உள்ளன. ஏனைய ஐந்தும் தாணே, பால்கர், நாசிக் மாவட்டங்களில் அமைந்தவை. அங்கிருந்து நெடுந்தொலைவு பயணம் செய்து வரும் நீர், மின்விசையால் மாடித் தொட்டிக்கு ஏற்றப்பட்ட பின்னரே நம் குழாயில் விழுகிறது. அதே நகரின் தாராவியில், குறிப்பிட்ட நேரமே வரும் நீரைப் பீப்பாய்களிலும் குடங்களிலும் பிடித்துவைத்து நாளை ஓட்டும் குடும்பங்கள் உள்ளன. அவர்கள் அளந்து செலவிடுவதைச் சிக்கனம் என்று புகழ்வது முறையன்று, அது பற்றாக்குறை. நிறையக் கிடைக்கும் இடத்தில் அளந்து செலவிடுவதே சிக்கனம். சேமிப்பு நம் பையில் விழாவிட்டாலும், பிறர் பங்கை நாம் வீணாக்காதிருக்கிறோம் என்பதே போதிய காரணம்.

குப்பையிலும் காசு

பழைய தாள்களை எடைக்குப் பெறும் ‘ரத்திவாலா’வையும், பழைய துணிக்குப் பாத்திரம் தரும் பெண்களையும் மும்பைவாசிகள் அறிவர். நம் வீட்டில் கழிந்தது அவர்களுக்குப் பொருளாகிறது. தாராவியின் மறுசுழற்சிக் கூடங்களில் நெகிழிப் பொருள்கள் வகைவாரியாகவும் நிறவாரியாகவும் பிரிக்கப்பட்டு, நொறுக்கப்பட்டு, கழுவி உலர்த்தப்பட்டு, மீண்டும் மூலப்பொருளாகின்றன. சாம்பார் மீதியோடு கலந்து எறிந்த புட்டியையும் அங்கே ஒருவர் தம் கையால்தான் பிரித்தெடுக்க வேண்டும். உலர்ந்த குப்பையைத் தனியே வைப்பது அவருடைய உழைப்புக்கு நாம் காட்டும் மதிப்பு.

பிரிக்காத குப்பை எங்கே செல்கிறது? செம்பூரை அடுத்த தேவ்னாரில் 1927 முதல் குப்பை கொட்டப்பட்டு வருகிறது. 2016 சனவரியில் அங்கே பற்றிய தீயின் புகை நகரின் பல பகுதிகளைச் சூழ்ந்தது. தூக்கி எறிந்ததோடு எதுவும் முடிந்துவிடுவதில்லை என்பதை அந்தப் புகை உணர்த்தியது.

2018-இல் மகாராட்டிர அரசு நெகிழிப் பைகளுக்குத் தடை விதித்தது. 2021-இல் தமிழ்நாட்டில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. மாட்டுங்காச் சந்தைக்குக் காய்கறி வாங்கச் செல்லும்போது, பழைய வேட்டியில் தைத்த பை ஒன்று கையில் இருந்தால் இரண்டு அரசுகளின் நோக்கமும் நிறைவேறும்; பைக்குக் கொடுக்கும் காசும் மிஞ்சும்.

முடிவாக

“ஒரு வீடு மாறினால் உலகம் மாறிவிடுமா?” என்பர். மாறாது. ஆலைகளும் அரசுகளும் செய்ய வேண்டியவற்றை ஒரு வீடு செய்துவிட முடியாது. ஆயினும், வீட்டில் வீணாவதைக் காணப் பழகாத கண், வெளியில் வீணாவதையும் காணாது. தன் வீட்டுக் கணக்கைப் பார்த்தவரே ஊர்க் கணக்கையும் கேட்பார். மாணவர்களே, இன்று மாலை உங்கள் வீட்டில் ஆளில்லாத அறைகளை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

சிந்தித்து எழுதுக

1. சிக்கனம், பற்றாக்குறை – ஆசிரியர் இவற்றை எவ்வாறு வேறுபடுத்துகிறார்? நீ உடன்படுகிறாயா?
2. உன் வீட்டில் ஒரு வாரத்தில் வீணாகும் மின்சாரத்தைக் கணக்கிட்டு, அதன் விலையை எழுதுக.