மண் தண்ணீரை உறிஞ்சாவிட்டால் யார் குற்றம்?

கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்களிடம் கரிசல் மண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை விழுந்ததும் உப்பி, வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டு, தண்ணீரைக் கீழே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். பருத்திக்கு உகந்த மண். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தின் குறுக்கே இதே குணமுள்ள கருமண் ஒரு பட்டையாக ஓடுகிறது. அதனால்தான் அந்தப் பகுதிக்கு ‘பிளாக் பெல்ட்’ என்று பெயர் வந்தது.

செல்மா நகருக்கும் மாண்ட்கோமரி நகருக்கும் நடுவே, அந்தப் பட்டையில் இருக்கிறது லவுண்ட்ஸ் கவுண்டி. நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு அது. ஆனால் மக்கள்தொகை சுமார் 10,000தான். நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் கறுப்பின மக்கள். 1965இல் வாக்குரிமை கேட்டு மார்ட்டின் லூதர் கிங் நடத்திய 54 மைல் பேரணியின் பெரும்பகுதி இந்தக் கவுண்டியின் சாலையில்தான் நடந்தது. வாக்குரிமை அந்த ஆண்டே சட்டமானது. கழிவுநீர் போக வழி இன்னும் பல வீடுகளுக்குக் கிடைக்கவில்லை.

அந்த வீடுகளில் கழிப்பறைத் தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக நேரே கொல்லையில் போய்க் கொட்டுகிறது. அதற்கு ‘ஸ்ட்ரெய்ட் பைப்’ என்று பெயர். செப்டிக் டேங்க் கட்டியவர்களுக்கும் நிம்மதி இல்லை. பெருமழை பெய்தால் போன கழிவு திரும்பி வந்து குளியல் தொட்டியில் நிற்கிறது.

காரணம் மண்தான். செப்டிக் டேங்க் பாதி வேலையைத்தான் செய்யும். கசடு தொட்டியின் அடியில் தங்கும். தெளிந்த நீர் துளையிட்ட குழாய்கள் வழியாக நிலத்துக்குள் இறங்கும். அதை வடிகட்டி, கிருமிகளைக் குறைப்பது மண்ணும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும். ஆகவே அனுமதி தருவதற்கு முன் மண்ணைச் சோதிக்கிறார்கள். குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, ஒரு அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கணக்கிடுவது பழைய முறை. களிமண்ணின் தன்மையையும், ஈரம் எந்த ஆழம்வரை ஏறி நிற்கிறது என்பதையும் பார்ப்பதும் உண்டு. கருமண்ணில் ஊற்றிய தண்ணீர் பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

இந்தச் சோதனையைக் குறை சொல்ல முடியாது. சோதிக்காமல் அனுமதி கொடுத்தால் பக்கத்து வீட்டுக் கிணறு கெடும். சோதனை தோற்ற பிறகு நடப்பதுதான் அநீதி. சாதாரண செப்டிக் டேங்க் கூடாது. மணலைக் கொண்டுவந்து கொட்டி மேடு கட்டி, பம்பு வைத்துக் கழிவுநீரை அதற்குள் ஏற்றும் அமைப்பு வேண்டும் என்பார்கள். பொறியாளர் வரைபடம், மணல், பம்பு எல்லாம் சேர்ந்து 20,000 டாலரைத் தாண்டிவிடும். பல குடும்பங்களுக்கு அது ஓராண்டு வருமானம். பழைய டிரெய்லர் வீட்டில் இருப்பவருக்கு வீட்டின் விலையே அவ்வளவு இருக்காது.

கட்ட முடியாதவருக்கு உதவி வந்ததா? வழக்கு வந்தது. அனுமதி பெற்ற கழிவுநீர் அமைப்பு இல்லாமல் குடியிருப்பது அலபாமாவில் குற்றம். 2000-களின் தொடக்கத்தில் இதற்காகவே லவுண்ட்ஸில் ஏழைகள் கைது செய்யப்பட்டார்கள். அந்தச் செய்தியைக் கேட்டு வீடுவீடாக ஏறி இறங்கியவர் கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ். அந்த மண்ணிலேயே வளர்ந்தவர். பெய்லர் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களை ஊருக்கு வரவழைத்தவரும் அவரே. அவர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட 55 பேரில் 19 பேரிடம் கொக்கிப்புழுவின் மரபணுத் தடயம் கிடைத்தது. அமெரிக்காவை விட்டு என்றோ ஒழிந்துபோனதாக நம்பப்பட்ட புழு அது. ஆய்வு சிறியது, மாநிலச் சுகாதாரத் துறை அதை ஏற்கவில்லை. ஆனால் கொல்லையில் தேங்கி நின்ற சாக்கடையை யாராலும் மறுக்க முடியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் நேரில் வந்து பார்த்து அதிர்ந்து போனார்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பருத்தி விளையும் என்பதற்காகவே தோட்ட முதலாளிகள் இந்த மண்ணைத் தேடி வந்தார்கள். அடிமைகளைக் கொண்டுவந்து உழைக்க வைத்தார்கள். அந்த அடிமைகளின் சந்ததியினர் பலர் இன்றும் அங்கேயே இருக்கிறார்கள். முதலாளிகளுக்குப் பொன் கொடுத்த மண், இவர்களை மட்டும் குற்றவாளிகளாக்குகிறது.

2021 நவம்பரில் அமெரிக்க நீதித் துறை இதுபற்றிக் குடிமை உரிமைச் சட்டத்தின்கீழ் விசாரணை தொடங்கியது. 2023 மே மாதம் மாநிலச் சுகாதாரத் துறையுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. கழிவுநீர் அமைப்பு இல்லாதவர்கள்மீது வழக்குப் போடுவதும், அதற்காக வீட்டின்மீது கடன்பிணை வைப்பதும் நிறுத்தப்பட வேண்டும் என்றது அந்த ஒப்பந்தம். எந்தெந்த வீட்டுக்கு எது தேவை என்று கணக்கெடுத்துத் திட்டம் தீட்ட வேண்டும் என்றும் சொன்னது. அனுமதி வழங்கும் அலுவலகம் முதன்முறையாக, தோற்றுப்போன சோதனைக்கு அடுத்த படியைப் பற்றியும் யோசிக்கும் கட்டாயத்துக்கு வந்தது.

இரண்டு ஆண்டுகூட முடியவில்லை. 2025 ஏப்ரலில் டிரம்ப் அரசின் நீதித் துறை அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தது. ‘பன்முகத்தன்மை, சமத்துவம்’ என்ற பெயரிலான திட்டங்களுக்கு எதிரான அதிபரின் உத்தரவைக் காரணம் காட்டியது. கையில் உள்ள நிதி தீரும்வரை பணி தொடரும் என்றது மாநிலத் துறை. சாக்கடையை அகற்றுவதை எந்தக் கொள்கைச் சண்டையிலும் சேர்த்திருக்கக் கூடாது. கொக்கிப்புழு தான் ஏறும் காலின் நிறத்தைப் பார்ப்பதில்லை.

அனுமதி முறை இருக்கட்டும். மண் சோதனையும் இருக்கட்டும். சோதனையில் தோற்ற நிலத்துக்கு ஏற்ற அமைப்பை அரசு தன் செலவில் கட்டிக் கொடுக்க வேண்டும். அதுவரை அந்த வீட்டுக்காரர்மீது வழக்கோ அபராதமோ கூடாது. ரத்து செய்த ஒப்பந்தத்தை வாஷிங்டன் உடனே திரும்பக் கொண்டுவர வேண்டும்.