ஆலோசகர்கள் யாருக்குப் பதில் சொல்கிறார்கள்?

பின்தங்கிய பகுதிகளின் வளர்ச்சி குறித்துக் கேள்வி எழும்போதெல்லாம் ஒன்றிய ஆட்சியாளர்கள் ஒரு நீண்ட பட்டியலை எடுத்து வைக்கிறார்கள். தில்லியில் நிதி ஆயோக், அதன் சாயலில் மாநிலங்களில் உருவாக்கப்படும் நிறுவனங்கள், மாவட்டந்தோறும் ஒன்றிய அரசின் பொறுப்பு அதிகாரி, இவர்களுக்குத் துணையாகத் தனியார் ஆலோசனை நிறுவனங்கள். இத்தனை பேர் வழிகாட்ட இருக்கும்போது எந்த மாவட்டம் பின்தங்கிக் கிடக்கும் என்பது அவர்களது வாதம். வல்லுநர் அறிவு தேவையில்லை என்று இடதுசாரிகள் ஒருபோதும் சொன்னதில்லை. ஆலோசனை சொல்பவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

1950 மார்ச்சில் அமைச்சரவைத் தீர்மானம் ஒன்றின் மூலம் பிறந்த திட்டக்குழு குறைகளற்ற அமைப்பன்று. மாநில முதல்வர்கள் யோஜனா பவனின் படியேறித் தம் மாநிலத் திட்டத்துக்கு ஒப்புதல் பெற வேண்டியிருந்த நிலையை இடதுசாரி அரசுகள் கடுமையாக விமர்சித்தே வந்தன. ஆயினும் அதன் ஆலோசனைக்குப் பின்னால் பணம் இருந்தது. 1969-இல் வகுக்கப்பட்ட காட்கில் சூத்திரம், மாநிலங்களுக்கான திட்ட உதவியை மக்கள்தொகை, தனிநபர் வருமானம் முதலிய அளவுகோல்களின்படி பகிர்ந்தளிக்க வழி செய்தது. மாற்றுக் கருத்துக்கும் இடமிருந்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் குழுவில் பி.ஆர். ஷெனாய் 1955-இல் அளித்த மறுப்புக் குறிப்பை அரசே அச்சிட்டு வெளியிட்டது. ஷெனாயின் கருத்துகள் இடதுசாரிகளுக்கு முற்றிலும் ஏற்பில்லாதவை. பொதுத்துறையையும் பற்றாக்குறை நிதியத்தையும் அவர் எதிர்த்தார். இருந்தும் இடித்துரைத்தவரின் குரல் பதிவாயிற்று. இன்றைய ஆலோசனை அமைப்புகளிலிருந்து அத்தகைய மறுப்புக் குறிப்பு எதுவும் வெளிவரும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை.

2015 ஜனவரி 1 அன்று திட்டக்குழுவின் இடத்தில் நிதி ஆயோக் வந்தது. பரிந்துரைக்கும் உரிமை அதற்கு உண்டு. திட்ட நிதி வழங்கும் அதிகாரம் இல்லை. முதல்வர்கள் அமர்ந்து திட்டத்துக்கு ஒப்புதல் அளித்த தேசிய வளர்ச்சி மன்றம் 2012 டிசம்பருக்குப் பின் கூட்டப்படவே இல்லை. 2007-இல் 250 மாவட்டங்களில் தொடங்கப்பட்ட, உள்ளாட்சி அமைப்புகளின் கைக்கே பணம் தந்த, பின்தங்கிய வட்டாரங்களுக்கான மானிய நிதிக்கு 2015-16 முதல் ஒன்றிய அரசு தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. 2018 ஜனவரியில் அதே வகை மாவட்டங்களுக்குப் புதிய பெயர் சூட்டப்பட்டது: முன்னேற விழையும் மாவட்டங்கள்.

பெயர்தானே என்று விட்டுவிட இயலாது. ‘பிற்படுத்தப்பட்ட’ என்ற சொல்லுக்குள் செய்தவன் ஒருவன் ஒளிந்திருக்கிறான். யார் பிற்படுத்தியது என்ற கேள்வியை அது கேட்க வைக்கும். ‘பின்தங்கிய’ என்றால் அவன் மறைந்துவிடுகிறான். ‘விழையும்’ என்ற சொல்லிலோ குறை முழுவதும் விழைபவரின் தலையில் வந்து விழுகிறது. போதிய அளவு விழையவில்லை போலும் என்று முடித்துவிடலாம். தமிழ்நாட்டில் இராமநாதபுரமும் விருதுநகரும் இந்தப் பட்டியலில் உள்ளன. ஜார்க்கண்டில் 24 மாவட்டங்களில் 19 இதில் அடக்கம். நாட்டின் ஆலைகளுக்கு நிலக்கரியும் இரும்புத் தாதும் தந்த மண் அது. அங்குள்ள பழங்குடி மக்களிடம் விழைவு இல்லாததாலா வறுமை நிலைத்தது?

இத்திட்டத்தில் 112 மாவட்டங்கள் 49 குறியீடுகளால் அளக்கப்படுகின்றன. மாதந்தோறும் தரவரிசை வெளியாகிறது. ஒன்றிய அரசின் இணைச் செயலர், கூடுதல் செயலர் நிலையிலான அதிகாரிகள் பொறுப்பேற்கிறார்கள். தனி நிதி ஒதுக்கீடு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஏற்கெனவே உள்ள திட்டங்களை ஒருங்கிணைப்பதும் மாவட்டங்களைப் போட்டியில் இறக்குவதுமே வழிமுறை. கர்ப்பிணிகளின் பதிவு, பள்ளிகளில் கழிப்பறை, தடுப்பூசி போன்றவற்றைக் கணக்கெடுப்பது நல்லதே. அதில் குறை காண ஏதுமில்லை. ஆனால் முத்ரா கடனுக்கும் ஜன்தன் கணக்குக்கும் இடம் தந்த அந்தப் பட்டியலில் வன உரிமைப் பட்டாவுக்கு இடமில்லை. குறைந்தபட்சக் கூலி இல்லை. குத்தகை விவசாயியின் உரிமை இல்லை. எதை அளக்க வேண்டும் என்று முடிவு செய்யும் ஆலோசகர், எதை வளர்ச்சி என்று அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறார். மாவட்ட ஆட்சியரின் கண் தரவரிசைப் பலகையில் இருக்கும்போது மாவட்ட ஊராட்சித் தலைவரின் குரல் அவர் காதில் விழுவது அரிது.

வேறு வழி இருந்ததா என்று கேட்பவர்கள் கேரளத்தைப் பார்க்கலாம். 1996 ஆகஸ்டில் இடது ஜனநாயக முன்னணி அரசு மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட ஒதுக்கீட்டில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு என்று முதலில் அறிவித்தது. திட்டம் தீட்டும் பணியைப் பிறகு தொடங்கியது. கிராம சபைகளிலும் வளர்ச்சிக் கருத்தரங்குகளிலும் உருவான திட்டக் கோப்புகள் குவிந்தன. அவற்றுள் பலவற்றின் தொழில்நுட்பத் தரம் குறைவாக இருந்தது. மதிப்பீடுகள் பிழையாக இருந்தன. துறை அதிகாரிகளை மட்டும் நம்பி இருந்திருந்தால் இயக்கம் கோப்பறையிலேயே முடங்கியிருக்கும். எனவே ஓய்வுபெற்ற பொறியாளர்கள், மருத்துவர்கள், பேராசிரியர்கள், வேளாண் அலுவலர்கள் ஆகியோருக்கு மாநிலத் திட்டக்குழு அழைப்பு விடுத்தது. ஆயிரக்கணக்கானோர் முன்வந்து, வாரத்தில் ஒரு நாளேனும் உழைப்பைத் தர இசைந்தனர். அவர்களைக் கொண்டு ஒன்றிய அளவிலும் மாவட்ட அளவிலும் வல்லுநர் குழுக்கள் அமைந்தன.

அக்குழுக்களுக்கு விதிக்கப்பட்ட ஒரு வரம்புதான் இங்கே முக்கியம். உள்ளாட்சி அமைப்பு முடிவு செய்த முன்னுரிமையை மாற்றும் உரிமை அவற்றுக்குக் கிடையாது. குளம் வேண்டுமா, சாலை வேண்டுமா என்பதை ஊர் சொல்லும். குளத்தின் கரை எத்தனை அடி, மதகு எங்கே, செலவு எவ்வளவு என்பதில் வல்லுநர் திருத்தம் சொல்வார். ‘இந்தக் குளம் வேண்டாம்’ என்று அவர் எழுத இயலாது. கேட்பதற்கு எளிய விதி. நடைமுறையில், வாழ்நாள் முழுவதும் உத்தரவிட்டுப் பழகிய ஒரு தலைமைப் பொறியாளர் கிராமப் பஞ்சாயத்து உறுப்பினரின் எதிரே அமர்ந்து விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

அங்கும் எல்லாம் செவ்வனே நடந்துவிடவில்லை. பெயர் கொடுத்தவர்கள் அனைவரும் தொடர்ந்து வரவில்லை. துறைப் பொறியாளர்களுடன் உரசல்கள் இருந்தன. வீடு, குடிநீர், கழிப்பிடம் ஆகியவற்றில் கிடைத்த முன்னேற்றம் வேளாண்மையிலும் சிறு தொழிலிலும் கிடைக்கவில்லை. நெல் சாகுபடிப் பரப்பின் சரிவை அந்த இயக்கத்தால் தடுத்து நிறுத்த முடியவில்லை. ஒரு வட்டாரத்தின் உற்பத்தியைப் பெருக்க ஒரு பஞ்சாயத்தின் எல்லை போதாது என்ற படிப்பினை அதில் இருக்கிறது. பல பஞ்சாயத்துகளையும் நகரங்களையும் இணைத்துப் பார்க்கும் இடம் மாவட்டமே.

மாறாக, மராட்டியத்தில் 2022-இல் நிதி ஆயோக்கைப் பின்பற்றி ‘மித்ரா’ என்ற நிறுவனத்தை மாநில அரசு அமைத்தது. அதன் துணைத் தலைவர்களில் ஒருவராக நியமிக்கப்பட்டவர் ஒரு கட்டுமானத் தொழிலதிபர். நிலத்தின் மீது யாருக்கு விழைவு என்பதை அறிய அங்கே குறியீடு எதுவும் தேவைப்படவில்லை.

மாவட்ட அளவில் ஆலோசனைக்கான அமைப்பைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. 1993 முதல் நடப்பிலுள்ள அரசியல் சட்டத்தின் 243 இசட்டி பிரிவு மாவட்டத் திட்டக் குழுவை வகுத்திருக்கிறது. அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்கள், மாவட்ட ஊராட்சியிலும் நகராட்சிகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் தமக்குள்ளிருந்து தேர்ந்தெடுப்பவர்களாக இருக்க வேண்டும். நீரையும் பிற இயற்கை வளங்களையும் பகிர்வது, உட்கட்டமைப்பை ஒருங்கிணைத்து வளர்ப்பது, சுற்றுச்சூழலைக் காப்பது ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு வரைவுத் திட்டம் தயாரிப்பது அதன் கடமை. ஆளுநரின் ஆணை குறிப்பிடும் நிறுவனங்களோடு கலந்தாலோசிக்கவும் அப்பிரிவு சொல்கிறது. பல்கலைக்கழகங்கள், வேளாண் அறிவியல் மையங்கள், ஓய்வுபெற்ற வல்லுநர்கள் என ஒரு முழு ஆலோசனை வலைப்பின்னலையே இதன்கீழ் கட்டியிருக்கலாம். பல மாநிலங்களில் இக்குழு பெயரளவுக்கே இருக்கிறது. சிலவற்றில் அமைச்சரே அதன் தலைவர்.

உள்ளாட்சிகளில் பொறுப்பில் இருக்கும் தோழர்கள் உடனடியாக எழுப்பக்கூடிய கோரிக்கைகள் சில உண்டு. மாவட்டத் திட்டக் குழு கடைசியாக எப்போது கூடியது, அதன் வரைவுத் திட்டம் எங்கே இருக்கிறது என்று எழுத்துபூர்வமாகக் கேட்கலாம். தம் மாவட்டம் பற்றி நிதி ஆயோக்கும் தனியார் ஆலோசனை நிறுவனங்களும் தயாரிக்கும் ஒவ்வோர் அறிக்கையும், தில்லிக்கோ தலைநகருக்கோ போகுமுன், மக்கள் மொழியில் அந்தக் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வரலாம். ஆலோசகர்களுக்கு வழங்கப்பட்ட கட்டணம் எவ்வளவு, அது எந்தத் தலைப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் அதே தீர்மானத்தில் கேட்கலாம்.